வெளிய இறங்கினா கத்துற நாய்: எந்த பட்டி, எந்த பயிற்சி, எதுக்கு எது மேல

எங்க நாய் மணி வீட்டுக்குள்ள பரம சாது. வாசலைத் தாண்டி தூரத்துல இன்னொரு நாயோட வால் நுனி தெரிஞ்சா போதும், பின்னங்கால்ல எழும்பி நின்னு தொண்டை கிழிய கத்துவான். ரெண்டு வருஷமா இதோட மல்லுக்கட்டினதுல நாய்க்கு கழுத்துலயும் உடம்புலயும் மாட்ட கடையில கிடைக்கிற பட்டி வகை பாதி வீட்டுல கிடக்கு, ஆளாளுக்கு சொன்ன பயிற்சியும் செஞ்சு பாத்தாச்சு. அதை வச்சுதான் இதை எழுதுறேன், அதனால கொஞ்சம் என் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

முதல்லயே ஒண்ணு. இப்படி கத்துற நாய்ங்கள்ல நிறைய பயத்துலதான் கத்துது. கத்தினா அந்த நாய் போயிடுது, அது எப்படியும் போற வழியிலதான் போகுதுன்னாலும் நம்மாளுக்கு "நான் கத்தினேன், ஓடிட்டான்"னு கணக்கு. இன்னும் சிலது கிட்ட போய் விளையாட முடியலயேன்ற எரிச்சல்ல கத்தும். நேத்து வரைக்கும் நல்லா இருந்த நாய் திடீர்னு ஆரம்பிச்சா பட்டியெல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, மூட்டு வலி காது வலியெல்லாம் இப்படி வெளிய வரும்.

சரி, பட்டி. வெறும் காலர்ல, அதாவது கழுத்துப் பட்டியில, லீஷ் (நாம கையில பிடிக்கிற கயிறு) மாட்டி இழுபட்டா பாரம் மொத்தமும் கழுத்துலதான் விழும். காலரை இழுக்கும்போது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுது, உடம்பைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ்ல அந்த மாதிரி ஏறலன்னு 2006லயே ஒரு ஆய்வு வந்திருக்கு. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப் பிரச்சனை வேற. நின்னு நிதானமா நடக்கிற நாய்க்கு காலர் ஓகே, பாயிற நாய்க்கு நான் போடமாட்டேன், பேர் எழுதின தகடு தொங்க விட மட்டும் வச்சிருக்கேன்.

ஹார்னஸ்லயே ரெண்டு கட்சி, முதுகுல கொக்கி இருக்கிறது, நெஞ்சுல கொக்கி இருக்கிறது. முதுகு கொக்கி நாய்க்கு சுகமா இருக்கும், பிரச்சனை என்னன்னா பனியில வண்டி இழுக்கிற நாய்ங்களுக்கும் பின்னாடிதான் மாட்டுவாங்க, அதாவது உடம்பு பலம் முழுசையும் போட்டு இழுக்க அதுதான் வாகான இடம். நெஞ்சுல மாட்டினா பாயும்போது உடம்பு பக்கவாட்டுல திரும்பிடும், பாதி வேகம் அங்கயே போயிடும். ஆனா லீஷ் முன்னங்கால்ல சிக்கும், அக்குள்ல உரசி முடி போகும், தோள் மேல குறுக்கா ஒரே பட்டை ஓடுற மாடலா இருந்தா கால் வீசி நடக்கவும் கஷ்டம். நெஞ்செலும்பு மேல இங்கிலீஷ் Y எழுத்து மாதிரி பிரியுதே அதைப் பாத்து வாங்குங்க. நான் இப்ப ரெண்டு முனையிலயும் கொக்கி இருக்கிற லீஷ்தான் வச்சிருக்கேன், ஒண்ணு முதுகுல ஒண்ணு நெஞ்சுல, சும்மா நடக்கும்போது முதுகுப் பக்கம் பிடி, சிக்கல் வந்தா நெஞ்சுப் பக்கம் பிடி.

பயந்த நாய் வச்சிருக்கவங்க ஒண்ணு மறந்துடுவாங்க, இது முன்னாடி இழுக்கிறதை விட பின்னாடி நழுவுறதுதான் ஆபத்து. பட்டாசு மாதிரி ஏதாவது சத்தம் கேட்டதும் ரிவர்ஸ்ல போய் தலையை உருவிக்கிட்டு ஓடிடும். வீட்டுக்குள்ள கதவை சாத்திட்டு முன்னாடி நின்னு மெதுவா இழுத்துப் பாருங்க, கழண்டு வந்தா அந்த ஹார்னஸை ரோட்டுக்கு கொண்டு போகாதீங்க. வயித்துப் பக்கம் மூணாவது பட்டை இருக்கிறது கிடைக்கும், இல்லன்னா ஹார்னஸையும் காலரையும் இணைக்கிற சின்ன கொக்கி ஒண்ணு போட்டுக்கலாம். தலை சின்னதா கழுத்து தடிமனா இருக்கிற கிரேஹவுண்ட் மாதிரி நாய்க்கு காலர்ல மார்ட்டிங்கேல் வகை, இழுத்தா ஒரு அளவுக்கு இறுகி அதோட நின்னுடும்.

மூக்கு மேல போடுற ஹெட் ஹால்டர், ஹால்டி, ஜென்டில் லீடர்னு விக்கிறாங்களே, அதுல பிடிமானம் ரொம்ப ஜாஸ்தி. ஆள் ஒல்லி நாய் பெருசுன்னா இதுதான் தெம்பு, குதிரைக்கு கடிவாளம் மாதிரி தலை எங்கயோ உடம்பு அங்க. ஆனா இதை வெடுக்குனு இழுக்கவே கூடாது, நீளமான கயிறோட மாட்டவும் கூடாது, நாய் ஓடி வந்து கயிறு முடியிற இடத்துல கழுத்து திருகிக்கும். பழக்குறதுக்கு வாரக்கணக்காகும். நான் அவசரப்பட்டு வாங்கின அன்னைக்கே மாட்டிட்டு கிளம்பினேன், மணி நாலு நாளா மூஞ்சிய தரையில தேச்சு மூக்குக்கு மேல காயமே பண்ணிக்கிட்டான். ஏற்கனவே பயத்துல இருக்கவனுக்கு முகத்துல இன்னொரு தொல்லை, தப்பு என்னோடது. பொறுமை இருந்தா இது நல்லதுதான், எனக்கு இல்ல.

முள்ளு காலர், இழுத்தா கழுத்தை நெரிக்கிற சோக் செயின், கரண்ட் அடிக்கிற ஷாக் காலர் பத்தி சண்டை போட எனக்கு தெம்பில்ல, ஆனா ஒப்பீடுன்னு வந்துட்டு விடவும் முடியாது. "ஒரே நாள்ல கத்துறது நின்னுச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, நிக்கும். அந்த நாய் என்ன கத்துக்கிச்சுன்றதுதான் கேள்வி. எதிர்ல நாய் வந்தா கழுத்து வலிக்கும், அதான் கத்துக்கிச்சு. பயம் அப்படியே உள்ள இருக்கு, எச்சரிக்கை மட்டும் போயிடுச்சு, நாளைக்கு உறுமாம நேரா கடிச்சாலும் கடிக்கும். அமெரிக்க கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2021ல வெளியிட்ட அறிக்கையிலயே பரிசு குடுத்து பழக்குறது மட்டும் போதும், எந்த நடத்தைப் பிரச்சனைக்கும் இந்த மாதிரி சாமான் தேவையில்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. வேல்ஸ்ல ஷாக் காலருக்கு 2010லயே தடை. இதுக்கு மேல இந்தப் பக்கம் நான் போகல.

லீஷ்ல போட்டியே இல்ல, ரெண்டு மீட்டர் சாதா லீஷ். இழுத்தா நீளுற ஸ்ப்ரிங் லீஷ்ல எப்பவும் ஒரு இழுவை இருந்துட்டே இருக்கும், கை தவறி பிடி கீழ விழுந்தா அந்த டப்பா தடதடன்னு நாய் பின்னாடியே துரத்தும், பயந்தவன் நிப்பானா? அஞ்சுல இருந்து பத்து மீட்டர் கயிறு திறந்த வெளிக்கு அருமை, முதுகு கொக்கியில மட்டும் மாட்டுங்க, கையுறை போட்டுக்கோங்க.

பட்டி எதுவா இருந்தாலும் நாய் தானா ஓடிடாம, யாரையும் கடிச்சிடாம பிடிச்சு வைக்கும், அவ்ளோதான். மனசு மாற பயிற்சிதான் வேணும், அதுல மூணு கட்சி இருக்கு, எனக்கு சுவாரஸ்யமே இங்கதான்.

"என்னைப் பாரு" கட்சி. எதிர்ல நாய் வரும்போது நம்ம முகத்தையே பாக்க வச்சு, ட்ரீட் குடுத்துக்கிட்டே கடந்து போயிடுறது. குறுகலான இடத்துல பத்து செகண்ட் தாண்டணும்னா கை குடுக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பாம்பைக் கண்டு பயப்படுறவரை பாம்புக்கு முதுகு காட்டி உக்கார சொன்னா எப்படி இருக்கும்? மணி என்னைப் பாப்பான், காது ரெண்டும் பின்னாடியே திரும்பி இருக்கும், நாய் பக்கத்துல வந்ததும் டமார்னு வெடிப்பான்.

"அதைப் பாரு" கட்சி, லெஸ்லி மெக்டெவிட்ன்ற பயிற்சியாளர் பிரபலமாக்கினது. வெடிக்காத தூரத்துல நின்னு, அவன் அந்த நாயைப் பாத்த உடனே "யெஸ்"னு ஒரு சொல், வாயில ட்ரீட். பாத்தான், யெஸ், ட்ரீட். கொஞ்ச நாள்ல நாயைப் பாத்ததும் அவனே நம்ம பக்கம் திரும்புவான், "பாத்துட்டேன், எங்க என் பங்கு?"ன்ற மாதிரி. மணியடிச்சு அப்புறம் தீனி குடுத்து, கடைசியில மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வச்சாரே விஞ்ஞானி பாவ்லோவ், அந்தக் கதைதான் அடியில ஓடுது, அதனால வரிசை முக்கியம், முதல்ல நாய் தெரியணும் அப்புறம்தான் தீனி. நான் ஆரம்பத்துல எதிர்ல நாய் வரதை எனக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு பையில கை விட ஆரம்பிச்சேன், கடைசியில பை சரசரக்கிற சத்தம் கேட்டாலே மணி சுத்தி முத்தி பாத்து உறும ஆரம்பிச்சுட்டான்.

கத்தும்போது தின்ன குடுத்தா கத்துறதுக்கு பரிசு ஆகாதான்னு எல்லாரும் கேப்பாங்க. பயம் வித்தை மாதிரி இல்ல, தீனி குடுத்து யாரையும் அதிகமா பயப்பட வைக்க முடியாது. ஆனா வெடிச்ச பிறகு குடுத்து பிரயோஜனமும் இல்ல, பாதி நேரம் வாங்கவே மாட்டான். வேகவச்ச கோழியைக் கூட திரும்பிப் பாக்கலன்னா ரொம்ப கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், வந்த வழியே திரும்பிடுங்க.

மூணாவது கட்சி "பேட்" (BAT, Behavior Adjustment Training), கிரிஷா ஸ்டூவர்ட்ன்ற பயிற்சியாளர் உருவாக்கின முறை. நீள கயிறு, நிறைய இடம், தூரத்துல அமைதியான இன்னொரு நாய். நம்ம நாய் மோந்துக்கிட்டு, பாத்துக்கிட்டு, தானே விலகிப் போகும், தீனி கிட்டத்தட்ட கிடையாது, விலகிப் போக முடியுதுன்றதே பரிசு. கூச்ச சுபாவ நாய்க்கு இதை விட அழகான முறை நான் பாக்கல. ஆனா மைதானமும், சொன்னா சொன்ன நேரத்துக்கு நாயோட வர்ற ஒரு நண்பரும் வேணும். தெருவுல எதிர்ல வர்ற நாய் நம்ம திட்டப்படி நடக்குமா? அதனால தினசரிக்கு "அதைப் பாரு", வாய்ப்பு கிடைச்சா பேட், அவசரத்துக்கு மட்டும் "என்னைப் பாரு". மணிக்கு நாப்பது அடி தூரத்துல தொடங்கினது எட்டு மாசத்துல பன்னெண்டு அடிக்கு வந்திருக்கு, மழை நாள்ல மறுபடி முப்பது ஆகும், ஏன்னு தெரியல.

தப்பிக்கிற வழியிலயும் ரெண்டு இருக்கு, யூ டர்ன், இல்லன்னா "தேடு"ன்னு தீனியை தரையில இறைக்கிறது. யூ டர்னை வீட்டு ஹால்லயே நூறு தடவை பழக்கிட்டா ரோட்டுல யோசிக்காம திரும்பும். இறைக்கிறதுல தலை கீழ போகும், மோப்பம் பிடிக்கும், படபடப்பு இறங்கும். ஆனா கட்டில்லாம ஒரு நாய் நேரா வந்துட்டிருந்தா காலடியில இறைக்காதீங்க, தீனிக்கு சண்டையாயிடும், நடுவுல நின்னு வர்ற நாய் பக்கமா வீசுங்க.

தினமும் போயே ஆகணுமா, லீவு விடலாமான்றதுக்கு என் ஓட்டு லீவுக்கு. காலையில ஒரு நாய், அப்புறம் ஒரு பைக் சத்தம், சாயங்காலம் ஒரு குழந்தை ஓடி வந்துச்சுன்னா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சாதாரணமா விட்டுடுற விஷயத்துக்கும் வெடிப்பான். ரெண்டு மூணு தடவை வெடிச்ச நாளுக்கு மறுநாள் வீட்டுலயே மூக்குக்கு வேலை குடுக்குறேன். கிலோமீட்டர் கணக்குக்கு நடக்கிறதை விட இருபது நிமிஷம் மோந்து பாத்துட்டு வந்தா அவன் நல்லா தூங்குறான்.

கடிக்கிற வாய்ப்பு இருக்குன்னா வாய்க்கு மூடி போடுறதுல வெக்கமே வேணாம், கூடை மாதிரி இருக்கிறதுதான் வாங்கணும், அதுல மூச்சிரைக்கலாம், தண்ணி குடிக்கலாம், ட்ரீட்டும் உள்ள போகும். துணி மூடி வாயை இறுக்கிடும், வாய் திறந்து மூச்சிரைக்க முடியாத நாய்க்கு உடம்பு சூடு இறங்காது, டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு சரி, நடைக்கு போகும்போது போடக் கூடாது.

மருந்தா பயிற்சியான்னு கேக்குறதே தப்பான கேள்வி, தீனியே வாங்க முடியாத அளவு பயம்னா பயிற்சி உள்ளயே போகாது. ஃப்ளூஆக்ஸெடின் மாதிரி பதட்டத்தைக் குறைக்கிற மருந்து வேலை செய்ய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும், வீட்டுல மனுஷனுக்கு இருக்கிற மாத்திரையை உடைச்சுக் குடுக்கிற வேலை வேணாம்.

ரெண்டு நாய் இருந்தா சேத்துக் கூட்டிட்டுப் போறதா தனித்தனியான்னா தனித்தனிதான். ஒண்ணு கத்தினா இன்னொண்ணு என்ன ஏதுன்னு தெரியாமலே பின்பாட்டு பாடும். எங்க வீட்டு ராணி அப்படித்தான் கத்துக்கிட்டா, இப்ப அவளுக்கு ஒரு நடை, அவனுக்கு ஒரு நடை, கால் வலி எனக்கு.