சில்நைலான், சில்பாலி, டைனீமா: ராத்திரி தொய்யாத கூடாரம் எது?

நான்கு வருடம் சில்நைலான் (சிலிக்கோன் ஏற்றிய நைலான் துணி) கூடாரத்தில் படுத்துவிட்டு, போன வருடம் சில்பாலிக்கு (சிலிக்கோன் ஏற்றிய பாலியஸ்டர்) மாறினேன். இடையில் நண்பர் ஒருவரின் டைனீமா (நெய்யாமல் இழைகளைப் படலங்களுக்கு நடுவே ஒட்டிய மெல்லிய துணி) கூடாரத்தை இரவல் வாங்கி மூன்று இரவு தங்கியிருக்கிறேன். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்: தனியாகச் சட்டகக் கம்பிகள் கிடையாது, நடக்கும்போது ஊன்றிக்கொள்கிற ட்ரெக்கிங் கம்பு இரண்டையே தூணாக நிறுத்தி, சுற்றிலும் முளை அடித்து இழுத்துக் கட்டுகிற ஒற்றைச் சுவர்க் கூடாரம், அதாவது ஒரே அடுக்குத் துணி. அதனால் இங்கே நான் சொல்லும் வித்தியாசம் பெரும்பாலும் துணியுடையதுதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில்பாலி.

எடையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 20 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நூலில் நெய்து சிலிக்கோன் ஏற்றிய துணி, நைலானோ பாலியஸ்டரோ, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் வரும். டைனீமா கலவைத் துணியில் மெல்லிய ரகம் 17, 18 கிராம், கொஞ்சம் தடித்தது 25 கிராம். ஒருவர் படுக்கும் கூடாரத்துக்கு 8 சதுர மீட்டர் துணி போகிறது என்று வைத்தால் சில்பாலி 360 கிராம், மெல்லிய டைனீமா 140 கிராம். வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர். மாதக்கணக்கில் நடப்பவருக்கு அதுவும் பெரிசுதான். ஆனால் டைனீமாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல ஸ்லீப்பிங் பேக்கில் போட்டால் அதைவிட அதிக எடை குறையும் என்பது என் கணக்கு.

மழையைத் தாங்குமா என்றால், மூன்றுமே தாங்கும். துணியின் குறிப்பில் 1,500 மில்லிமீட்டர், 2,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை அதன் மேல் நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்று அர்த்தம். மேற்கூரைக்கு அது தாராளம். ஒழுகுவது பெரும்பாலும் தையலில்தான்.

சரி, தொய்வுக்கு வருகிறேன். என்னை மாற வைத்தது அது ஒன்றுதான்.

நைலான் நூல் ஈரத்தை உறிஞ்சும். மழை பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை, 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றிலேயே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அதே காற்றில் 0.4 சதவீதம்தான் எடுக்கும், பத்தில் ஒரு பங்கு. ஈரம் ஏறினால் நைலான் நீளும், காய்ந்தால் சுருங்கும். மேலே சிலிக்கோன் பூசியிருந்தாலும் இது நிற்பதில்லை. ஒரு சதவீதம் நீண்டால் என்ன பெரிசாக ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன், தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. கூடாரத்தின் முகடு 3 மீட்டர் நீளம் என்று வையுங்கள். இரண்டு முனையும் நகராமல் நிற்க, துணி மட்டும் 3 சென்டிமீட்டர் நீண்டால், நடுப்பகுதி ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் கீழே இறங்கும். நிஜத்தில் துணியை நாம் இழுத்துக் கட்டியிருப்பதால் அந்த இழுவையே கொஞ்சத்தைச் சமாளித்துவிடும், முழு 18 வராது. ஆனால் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி மட்டுமே இருக்கிற சின்னக் கூடாரத்தில், அதில் பாதி இறங்கினாலே போதும்.

எனக்கு நடந்தது இப்படி. சாயங்காலம் சுண்டினால் சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாகக் கட்டிவிட்டுப் படுத்தேன். இருட்டியதும் தூறல் பிடித்தது. முகத்தில் ஏதோ ஈரமாகப் பட்டு விழித்தபோது மணி இரண்டு இருக்கும். கால்மாட்டில் துணி தொப்பை போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் மேலேயே கிடந்தது. உட்புறத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருக்கும் இல்லையா, அதெல்லாம் பட்ட இடத்தில் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து, உள்ளே இருந்த இறகு கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டது. தடவினால் அந்த இடத்தில் இரண்டு பக்கத் துணிக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஆறு கயிற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து, கம்பை இரண்டு விரற்கடை உயர்த்திவிட்டு உள்ளே வந்தால் நான் முழுக்க நனைந்திருந்தேன். அந்தப் பயணத்தில் நான்கு இரவில் மூன்று இரவு இதே வேலை. காலையில் வெயில் ஏறியதும் துணி காய்ந்து சுருங்கியது, ராத்திரி கூடுதலாக இழுத்த கயிறுகள் இப்போது அளவுக்கு மீறி இறுகி, ஒரு மூலையில் தையல் ஓட்டைகள் நீள்வட்டமாக அகன்று அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது. தொய்வு தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை, இழுத்துக் கட்டக் கட்ட கூடாரத்தின் ஆயுளையும் குறைக்கிறது. தொய்ந்த துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், அதில் முளை தளரும், முளை தளர்ந்தால் இன்னும் தொய்யும்.

சில்பாலியில் இதுவரை பதினெட்டு இரவு ஆகிறது, அதில் ஆறு இரவு நல்ல மழை. படுக்கும் முன் ஒரு தடவை கயிறுகளைச் சரிபார்ப்பதோடு சரி, ராத்திரி எழுந்து போனது ஒரு தடவைதான், அதுவும் ஈர மண்ணில் முளை பிடுங்கிக்கொண்டதால். இதே துணி வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

சில்நைலானுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். ஒரே எடையில் நைலான்தான் கிழிய அதிகம் மறுக்கும். அதை நீளவிடுகிற அதே குணம் திடீர்க் காற்று மோதும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும் உதவுகிறது, கடுங்குளிரிலும் பனியிலும் நிற்கிற கூடாரங்களுக்கு இன்றும் நைலானைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுதான். நான் பனியில் கூடாரம் போட்டதே இல்லை, அதனால் அங்கே போகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சில்பாலியின் பலவீனம் இதற்கு நேர் எதிர்: முள்ளோ கூரான கல்லோ ஒரு தடவை கிழித்துவிட்டால் கிழிசல் ஓடும். என் கூடாரத்தில் இன்னும் கிழியவில்லை, ஆனால் 18 இரவு என்பது அதற்குப் போதுமான சாட்சி இல்லை.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சிலிக்கோன் என்றால் அதன் மேல் சாதாரண டேப் ஒட்டாது, தையலை நாமே சிலிக்கோன் பசையைக் கரைத்துப் பூசித்தான் அடைக்க வேண்டும், கிழிந்தாலும் சிலிக்கோன் பசையை வைத்துத்தான் ஒட்டு போட வேண்டும். அரை நாள் வேலை, கஷ்டமில்லை. சில துணிகளில் உட்பக்கம் மட்டும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அதில் தொழிற்சாலையிலேயே தையலுக்கு டேப் ஒட்டித் தந்துவிடலாம், வசதி. ஆனால் மலிவான பாலியூரித்தேன் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில வருடத்தில் பிசுபிசுவென்றாகி நாறத் தொடங்கும், அப்புறம் அதைக் காப்பாற்ற வழியில்லை. வாங்கும்போது பூச்சு என்ன என்று கேளுங்கள். தரையும் சிலிக்கோன் துணி என்றால் பாய் வழுக்கிக்கொண்டே போகும், அதற்கு அதே பசையைப் புள்ளி புள்ளியாகத் தரையில் வைத்துவிட்டால் போதும்.

டைனீமாவைப் பற்றி மூன்று இரவுக்கு உரிய அளவுதான் பேச முடியும். இது நெய்த துணியே இல்லை, வலுவான பாலிஎத்திலீன் இழைகளைப் பரப்பி இரண்டு மெல்லிய பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே ஒட்டியது. பந்தயப் படகின் பாய்க்காக உருவான பொருள். க்யூபென் ஃபைபர் என்ற பழைய பெயர் 1992-இல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தை வென்ற அமெரிக்கா க்யூப்ட் அணியிலிருந்து வந்தது. பாய் எவ்வளவு நனைந்தாலும் வடிவம் மாறக்கூடாது, ஆகவே தொய்வு விஷயத்தில் இதற்குத்தான் முதலிடம், சில்பாலிக்கு அடுத்ததுதான். காலையில் நான்கு தடவை உதறினால் பாதிக்கு மேல் காய்ந்துவிடுகிறது. கிழிந்தால் துடைத்துவிட்டு அதற்கான டேப்பை ஒட்டினால் முடிந்தது வேலை.

பிறகு ஏன் வாங்கவில்லை? விலை ஒன்று. இன்னொன்று, அது துளிகூட நீளாது, மூலைகள் கொஞ்சம் கோணலாக அமைந்தால் சுருக்கம் விழுந்து கடைசிவரை போகவில்லை, முதல் இரவு முளைகளை மூன்று தடவை பிடுங்கிப் பிடுங்கி அடித்தேன். காற்றின் அடி முழுவதும் முளைக்கே போவதால் கெட்டியான முளை வேண்டும். மடித்தால் காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு பையில் அதிக இடம் எடுக்கிறது, சில்பாலியைப் போலத் திணிக்க மனம் வரவில்லை. நண்பரின் கூடாரத்தில் ஐந்து வருடத்துக்குப் பிறகு மடிப்பு விழுந்த இடங்களில் படலம் உரிந்து, விளக்கைப் பிடித்தால் ஊசித்துளைகள் தெரிந்தன. அவர் எத்தனை இரவு பயன்படுத்தினார், எப்படி வைத்திருந்தார் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஒரே கூடாரத்தை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

உள்ளே நீர் கோப்பதை எந்தத் துணியும் தடுக்காது. தெளிந்த வானத்தின் கீழ் கூடாரத் துணி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், நம் மூச்சின் ஈரம் அதில் படிந்தே தீரும். துணி விறைப்பாக இருந்தால் அந்த ஈரம் சுவரோடு வழிந்து இறங்கும், தொய்ந்தால் நம் மேல் படும்.

ஏற்கெனவே சில்நைலான் வைத்திருப்பவர்கள் அதற்காக உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. முளைக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு முழ எலாஸ்டிக் கயிறு கட்டிவிட்டால், துணி நீள நீள அது இழுத்துக்கொள்ளும், காலையில் சுருங்கும்போது விட்டும் கொடுக்கும். நான் அதைக் கற்றுக்கொண்டது நாலாவது வருடம், மூலைத் தையல் போன பிறகு. அந்தக் கூடாரத்தின் தரையை வெட்டி எடுத்துவிட்டு இப்போது மழையில் சமைப்பதற்கு மேல்விரிப்பாகக் கொண்டுபோகிறேன், அங்கே எவ்வளவு தொய்ந்தாலும் யார் மேலும் படுவதில்லை.