40 வாட் லேசர் வெட்டும் மெஷின்: டியூபுக்கு முழு மார்க், குமார் படேலுக்கு நன்றி

அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்யும் சின்னப் பட்டறைக்காக இந்த 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷினை வாங்கினேன். பெட்டி சுமார் ரகம்தான். தகரம் மெல்லிசு, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இழுவை போதாது, உள்ளே இருக்கும் கண்ணாடிகளை நாமே உட்கார்ந்து நேர்படுத்த வேண்டும். ஆனால் 3 மி.மீ. அக்ரிலிக்கை வெட்டித் தருகிற விதம் இருக்கிறதே, ஓரம் பளபளவென்று வருகிறது, உப்புத்தாள் பிடிக்கத் தேவையே இல்லை. நீல டயோட் லேசரின் ஒளி நிறமற்ற அக்ரிலிக்கில் ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. இதன் 10.6 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புக் கதிரையோ அக்ரிலிக், மரம், தோல், ஏன் கண்ணாடிகூட உள்வாங்கிக்கொள்கிறது.

இந்த லேசரை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அன்றைய வாயு லேசர்கள் அணுக்களின் எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களை நம்பியிருந்தன. செலவிடும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒளியாக வெளியே வரும். படேல் மூலக்கூறின் அதிர்வைக் கையில் எடுத்தார். வெறும் கார்பன் டை ஆக்சைடில் முதலில் கிடைத்தது மில்லிவாட் கணக்கு. அதோடு நைட்ரஜனைச் சேர்த்தாரே, அதுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை: மின்சாரம் பாயும்போது அதிரத் தொடங்கும் நைட்ரஜன் அந்த ஆற்றலை ஒளியாக விட முடியாமல் தேக்கி வைத்திருக்கும், வந்து மோதும் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஏறக்குறைய அதே அளவு ஆற்றல்தான் வேண்டும் என்பதால் அப்படியே கைமாற்றிவிடும். அப்புறம் ஹீலியம், சூட்டைக் கடத்தவும், ஒளியை விட்ட மூலக்கூறுகள் வந்து தங்கும் கீழ் ஆற்றல் மட்டத்தைக் (கீழ்மட்டம்) காலி செய்யவும். 1965-லேயே 100 வாட்டைத் தாண்டிவிட்டார்கள். என் மெஷினின் கண்ணாடிக் குழாயில் இருப்பதும் அதே மூன்று வாயுக்கள்தான்.

இது தெரிந்தால் மெஷினைப் பராமரிப்பதும் சுலபம். குழாய் சூடானால் கீழ்மட்டம் சரியாகக் காலியாகாது, வெட்டும் பலமிழக்கும். குழாயைக் குளிர்விக்க, கூட வந்த குட்டி பம்பும் ஒரு வாளித் தண்ணீரும் வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் தாங்கவில்லை. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போட்ட பிறகுதான் ஒரே சீராக வெட்டுகிறது. விற்பவர்கள் இதைச் சொல்லிவிட்டே விற்க வேண்டும்.

பி.வி.சி. ஷீட்டை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே மூடியைத் திறந்து வைத்து ஓட்டவே கூடாது.

படேலுக்கு 1996-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. கூட வந்த கையேட்டில் அவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை, ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

அக்ரிலிக், மரம், தோல் வேலைக்கு, சில்லருக்கும் பணம் ஒதுக்கி, தாராளமாக வாங்கலாம். இரும்புத் தகடு வெட்ட வேண்டுமென்றால் இது சரிப்படாது, ஃபைபர் லேசர் பாருங்கள்.