வேர் விண்ட்ஸ் மீட்: கரடியிடம் தைச்சி கற்றுக்கொள்ளும் வூஷியா கேம்

கேமின் முதல் நிலப்பகுதியான ச்சிங்ஹெயின் ஆற்றோரம் ஒரு கரடி மீன் பிடித்துக்கொண்டிருக்கும். வாளை உருவிக்கொண்டு அதன்மேல் பாயாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, முன்கால்களை அது எப்படிச் சுழற்றுகிறது என்று கவனியுங்கள். அந்த அசைவிலிருந்தே உங்கள் பாத்திரம் தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொள்ளும். தேரை தாவுவதைப் பார்த்தால் வேறொரு வித்தை கைக்கு வரும். குரு கிடைக்காதவன் விலங்கையும் எதிரியையும் பார்த்தே கலையைப் பிடித்துக்கொள்வது வூஷியா எனப்படும் சீன வாள்வீரர் சாகசக் கதைகளில் வழிவழியாக வரும் சங்கதி. அதை வெட்டுக்காட்சியாகக் காட்டிவிட்டுப் போகாமல், விளையாடுபவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். இந்த கேமுக்கு நேரம் ஒதுக்கலாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

நெட்ஈஸ் நிறுவனத்தின் எவர்ஸ்டோன் ஸ்டூடியோ உருவாக்கியது. சீனாவில் 2024 டிசம்பர் 27 அன்று கணினிக்கு வந்தது. மற்ற நாடுகளில் 2025 நவம்பர் 14 அன்று கணினிக்கும் பிளேஸ்டேஷன் 5க்கும், டிசம்பர் 12 அன்று கைபேசிக்கும் வெளியானது. இறக்கி விளையாடக் காசு இல்லை. தனியாகக் கதையை ஓட்டலாம், நான்கு பேர் வரை சேர்ந்து பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை அடிக்கலாம், எல்லோரும் உலவும் பொது உலகத்துக்கும் போகலாம். தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு கட்டாயம்.

சீனப் பெயரில் 'யென்யுன்' என்ற சொல்லும் பதினாறு என்ற எண்ணும் இருக்கின்றன. அரியணை ஏற வடக்கத்திய நாடோடி இனமான கித்தான்களின் உதவியை வாங்கிக்கொண்ட ஷி ஜிங்டாங், அதற்குக் கூலியாக வடக்கே யென்யுன் எனப்பட்ட பதினாறு மாநிலங்களை 938இல் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தான். பின்னால் வந்த சோங் அரசாலும் அவற்றை முழுமையாக மீட்க முடியவில்லை. கதை நடப்பது ஐந்து வம்சங்களின் காலம் முடிந்து, 960இல் ஜாவ் குவாங்யின் சோங் அரசை நிறுவுவதை ஒட்டிய ஆண்டுகளில். ஊர் ஊராக நீங்கள் கேட்கும் அகதிக் கதைகளுக்கும் இடிந்த கோட்டைகளுக்கும் அடியில் இருப்பது அந்தப் பழைய காயம். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், துணைப்பணிகளில் வரும் கிழவர்களின் பேச்சுக்கு வேறொரு கனம் வந்துவிடும்.

இனிச் சண்டை. ஒரே நேரத்தில் இரண்டு ஆயுதங்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்கலாம். உலக வெளியீட்டின்போது வாள், ஈட்டி, இரட்டைக் கத்தி, கயிற்றுக் கூர், விசிறி, குடை, நீண்ட கனத்த மோ வாள் என ஏழு வகை ஆயுதங்களும் அவற்றுக்குள் பன்னிரண்டு கலைகளும் இருந்தன. ஆனால் இதில் பிழைக்க வைப்பது அடி அல்ல, பேரி. எதிரியின் அடி வந்து விழும் கணத்தில் அதைத் தட்டிவிட வேண்டும். தட்டத் தட்ட அவன் நிலைதாங்கும் பலத்தைக் காட்டும் ச்சி பட்டை கரையும். அது காலியானதும் நிலைகுலைந்து நிற்பான், முடிக்கும் அடியை அப்போது போடலாம். சிவப்பாக மின்னும் அடியைத் தட்டிவிடலாம். பொன்னிறமாக மின்னினால் தட்ட முடியாது, விலகித்தான் ஆகவேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுவார்கள். எதிரி கையை ஓங்கியதுமே பேரி பொத்தானை அழுத்துவது முதலாவது. இங்குள்ள பாஸ்கள் ஓங்கிய கையை ஒரு நொடி நிறுத்திவைத்துப் பிறகுதான் இறக்குவார்கள். ஓங்கலைப் பார்த்து அழுத்தினால் பேரி முடிந்த பிறகு அடி வந்து விழும். கண் அவன் தோளில் இருக்கக்கூடாது, ஆயுதத்தின் நுனியில் இருக்கவேண்டும். இரண்டாவது, தெம்புப் பட்டையை முழுவதும் அடிப்பதிலேயே செலவழித்துவிடுவது. பொன் மின்னல் வரும்போது விலகக்கூடத் தெம்பு இருக்காது. மூன்றில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாஸிடம் முதல் தடவை ஓர் அடிகூட அடிக்காமல் தட்டுவதும் விலகுவதுமாகவே நின்று பாருங்கள். தோற்பது உறுதிதான், ஆனால் அவனுடைய அடிகளின் தாளம் காதில் ஏறிவிடும். கடினம் குறைந்த நிலைகளில் பேரிக்கு உதவி கிடைக்கும்: அடி விழும் தருணத்தை கேம் மெதுவாக்கிக் காட்டும். கதைக்காக வந்தவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். வூஷியாவின் சுவை அதனால் குறைந்துவிடாது.

தொடக்கத்துக்கு 'பெயரில்லா வாள்', 'பெயரில்லா ஈட்டி' என்ற இரண்டு கலைகளும் போதும். ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடி, எந்தச் சூழலிலும் கைவிடாது. நண்பர்களோடு ஆடுவதென்றால் ஒருவர் மோ வாளும் ஈட்டியும் எடுத்து முன்னால் நின்று அடி தாங்கட்டும், இன்னொருவர் விசிறியும் குடையும் எடுத்து மற்றவர்களின் உயிரை ஏற்றட்டும். எல்லாக் கலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மேம்பாட்டுப் பொருள்கள் அளவாகத்தான் வருகின்றன. பிரித்துப் போட்டால் நடுக்கட்டத்தில் எந்த ஆயுதமும் பாஸ்களைக் கீறக்கூடச் செய்யாது.

ஆயுதங்களுக்கு வெளியே இருக்கும் மர்ம வித்தைகள் இன்னும் சுவையானவை. வர்மம் கேள்விப்பட்டவர்களுக்கு நாடிப்புள்ளியைத் தொட்டு ஆளை உறைய வைக்கும் வித்தை உடனே புரியும். எட்ட நின்றே பொருளைக் கைக்கு இழுத்துக்கொள்வது இன்னொன்று. தைச்சி சண்டைக்கு மட்டுமல்ல, உதிர்ந்து கிடக்கும் இலைகளைச் சுழற்றிக் கிளப்பும் புதிர்களுக்கும் வேண்டும். சில கலைகளைத் திருடித்தான் பெறவேண்டும். பகைவர் கூடாரத்துக்குள் பதுங்கிப் போய், பயிற்சி நடக்கும் இடத்தை யார் கண்ணிலும் படாமல் நெருங்கி, பார்த்தே மனத்தில் பதித்துக்கொண்டு வரவேண்டும். முன்வாசலை நம்பாதீர்கள். ச்சிங்கோங் என்ற எடையின்றித் தாவும் வித்தை இருக்கிறது, சுவரேறி ஓடுங்கள், கூரை வழியாக இறங்குங்கள்.

ச்சிங்ஹெக்குப் பிறகு கைஃபெங். வடக்கு சோங்கின் தலைநகரை இவ்வளவு நெரிசலோடு காட்டிய கேம்கள் குறைவு. இங்கே வாளை உறையில் போட்டுவிட்டு வைத்தியராகவும் பிழைக்கலாம். நோயை எதிரியாக வைத்து நடக்கும் சீட்டாட்டம்தான் வைத்தியம், நோயோடு அலையும் மற்ற விளையாட்டாளர்களுக்கும் சிகிச்சை தரலாம். வழிப்போக்கரை அடித்தால் உங்கள் தலைக்கு விலை ஏறும், மாட்டினால் சிறை. ஜியாங்ஹூ என்ற அந்தத் திரிவோர் உலகம் சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் அதற்கென்று கணக்குவழக்கு உண்டு என்பதை இது நன்றாகவே உணர்த்துகிறது. சில பாத்திரங்களோடு நாமே தட்டச்சு செய்து பேசலாம், செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். முதல் நாள் வியப்பாக இருக்கும். ஆனால் எழுத்தாளர் உட்கார்ந்து எழுதிய துணைக்கதைகளுக்குப் பக்கத்தில் அந்தப் பேச்சு சப்பென்று இருக்கிறது.

குறைகளில் பெரியது மெனு. ஒவ்வொரு மூலையிலும் சிவப்புப் புள்ளி, விதவிதமான நாணயங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டியல்கள். கைபேசி கேம்களின் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் பத்து மணி நேரம் வரைபடம், ஆயுதக் கலை, அதற்குக் கூடுதல் பலம் தரும் உள்வழிகள் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் திறக்காமல் இருந்தால் தலை தப்பும். அடுத்தது, நிலை உயர்வுக்குப் போட்டிருக்கும் அணை. குறிப்பிட்ட நிலைகளில் சோதனையைக் கடந்தால்தான் மேலே போகமுடியும். சில பரிசுகளுக்கு மனவலு என்ற அளவு செலவாகும், அது நேரம் போகப் போகத்தான் நிரம்பும். ஒரே மூச்சில் முடிப்பவர்களுக்கு இது எரிச்சல் தரும். தமிழ் வசன வரிகள் கிடையாது. ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் தடுமாறுகிறது, குறிப்பாகக் கவிதையும் சிலேடையும் வரும் இடங்களில். குரலைச் சீனத்தில் வைத்து, எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் படிப்பது நல்லது.

காசு விஷயத்தில் நேர்மையாகச் சொல்வதென்றால், கடையில் கண்ணைப் பறிப்பவை உடைகளும் அலங்காரங்களும்தான். போரில் ஜெயிக்க வைக்கும் ஆயுதத்துக்குக் குலுக்கல் வைக்கவில்லை. ஆனால் அழகான உடைகள் பல, காசு கட்டி அதிர்ஷ்டத்தை நம்பும் காச்சா குலுக்கலில் இருக்கின்றன, அந்த ஒரு உடைக்காகப் பெருந்தொகை கரையலாம். சிறுவர்கள் விளையாடும் கருவியில் கட்டண அட்டையைச் சேமித்து வைக்காதீர்கள்.

கணினியில் சுமார் 100 ஜிபி இடம் ஒதுக்கவேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். சாதா ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ச்சிங்கோங்கில் பறக்கும்போது ஊர் உருவாகுமுன் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். ச்சிங்ஹெயில் சீராக ஓடும் கணினியும் கைஃபெங் சந்தையில் திணறும், காரணம் அங்குள்ள கூட்டம். முதலில் நிழல்களின் தரத்தைக் குறையுங்கள், பிறகு படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரைப் போடுங்கள். கைபேசித் திரையில் விரலால் பேரி செய்வது கடினம், விரலே காட்சியை மறைக்கிறது. புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள்.

கைஃபெங்குக்கு அவசரப்படாதீர்கள். ச்சிங்ஹெயில் எல்லைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறந்துவிடுங்கள், பிறகு நினைத்த இடத்துக்கு நொடியில் போகலாம். காட்டில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் அபூர்வப் பொருள்களைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் உயிரும் தெம்பும் நிரந்தரமாக வளரும். மழை பெய்கிற நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போனாலும் அந்தக் கரடியை மட்டும் விட்டுவிடுங்கள், அதனிடம் கற்க வேண்டியது இருக்கிறது.