பச்சை லேபிளா, வெள்ளை லேபிளா?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பூந்திக்கொட்டையையும் எலுமிச்சையையும் கொண்டு பாத்திரம் கழுவும் திரவம் தயாரித்து, ஈரோட்டைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு மளிகைக் கடைகளுக்கு 500 மி.லி. பாட்டில்களில் கொடுத்து வருகிறோம். ஜெராக்ஸ் எடுத்த தாளைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்த நாங்கள், சென்ற ஆண்டு ஒழுங்கான லேபிள் அச்சிடத் துணிந்தபோது இரண்டு வடிவங்கள் எங்கள் மேசைக்கு வந்தன. ஒன்று ஊரிலுள்ள டி.டி.பி. கடைக்காரர் செய்துகொடுத்த பச்சை லேபிள். மற்றொன்று என் நாத்தனார் வீட்டுக் கணினியில் செய்த வெள்ளை லேபிள். இரண்டிலும் முந்நூறு முந்நூறு அச்சிட்டு, மூன்று மாதம் கடையில் வைத்து விற்றுப் பார்த்த பிறகு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தோம். நான் வெள்ளையின் பக்கம் நிற்பவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பச்சை லேபிள் நமக்கெல்லாம் கண்ணுக்குப் பழகிய வகையைச் சேர்ந்தது. அடர்பச்சைப் பின்னணியின் மேல் எல்லா எழுத்தும் வெள்ளையில் இருக்கும். பெயர் மட்டும் மஞ்சள் விளிம்பும் நிழலும் கொண்ட பருத்த அலங்கார எழுத்துருவில் சற்றே வளைந்து செல்லும். ஒரு மூலையில் எலுமிச்சைத் துண்டும் மறுமூலையில் பளிச்சென்ற தட்டும் இருக்கும். வெள்ளை லேபிளில் மேலே மூன்று விரற்கடை அகலத்துக்குப் பச்சைப் பட்டை ஒன்று ஓடுகிறது. அந்தப் பட்டைக்குள் பெயர் மட்டும் பெரிதாக வெள்ளையில் இருக்கிறது. கீழே உள்ள அனைத்தும் வெள்ளைப் பரப்பின் மேல் ஒரே கறுப்பு மையில் அச்சானவை.

செலவில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே பாலிபுரொப்பிலீன் ஸ்டிக்கரில், ஒரே அச்சகத்தில், ஒரே லேமினேஷனோடு வந்தவை. தண்ணீர் பட்டால் இரண்டுமே உரிவதில்லை. அழகு எது என்று கேட்டால் வீட்டில் இன்றும் வாக்குகள் சரிபாதியாகப் பிரிகின்றன. முடிவைத் தீர்மானித்தது பாட்டிலின் பின்பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த சின்ன எழுத்துதான். ஆகவே அதைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் திரவம் கெட்டியானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி கலந்துதான் பயன்படுத்த வேண்டும் என்பதும், கண்ணில் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்பதும் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. பச்சை லேபிள் ஒட்டிய பாட்டிலை வாங்கிச் சென்றவர்களில் பலர் அதை அப்படியே பஞ்சில் ஊற்றித் தேய்த்துவிட்டு, நுரை போகவே மாட்டேன் என்கிறது என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டார்கள். முதலில் திரவத்தின் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு ஒரு மாலையில் என் மாமியார் கையில் அந்தப் பாட்டிலைக் கொடுத்து, சமையலறைக் குழல்விளக்கின் கீழ் படிக்கச் சொன்னேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னமோ எழுதியிருக்குதுன்னு தெரியுது கண்ணு, என்னன்னுதான் தெரியலை” என்றார். அடுத்து வெள்ளை லேபிளைக் கொடுத்தேன். அதே உயரமுள்ள எழுத்து, அதே வாசகம். கொஞ்சம் தட்டுத் தடுமாறினாலும் கடைசிவரை படித்துவிட்டார்.

காரணத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். மை அச்சாகும்போது அச்சுத் தகட்டில் உள்ள அளவோடு நிற்காமல் எப்போதும் ஓரிழை வெளியே பரவும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை அச்சிட்டால் எழுத்து சற்றுப் பருத்துப்போகும், அவ்வளவுதான். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது மை விழாமல் விடப்பட்ட இடம். சுற்றியுள்ள பச்சை நான்கு பக்கமும் அதற்குள் பரவுவதால் எழுத்து மெலிந்துபோகும். போதாக்குறைக்கு அந்தப் பச்சை ஒரே மை இல்லை. நீலம், மஞ்சள், கொஞ்சம் கறுப்பு என மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாவது. அவற்றில் ஏதாவது ஒன்று தலைமுடி அகலம் விலகினாலும், விலகிய மை வெள்ளைக் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கறுப்பு எழுத்துக்கு ஒரே தகடு என்பதால் இந்தத் தொல்லை அறவே இல்லை.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் புள்ளி. ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்ற ஒரே வரியில் ஏழு மெய்ப்புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றரை மில்லிமீட்டர் எழுத்தில் ஒரு புள்ளி எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும்? பச்சை லேபிளில் அந்த ஏழில் நான்கைத்தான் என்னால் கண்ணாடியின் உதவியோடு காண முடிந்தது. மற்ற மூன்றையும் பச்சை விழுங்கிவிட்டது. வெள்ளை லேபிளில் மை பரவியதால் ஏழு புள்ளிகளும் கொழுத்துப்போய், அழகு குறைந்து, ஆனால் ஏழுமாகவே இருந்தன. சுழிகளின் கதை இதற்கு நேர்மாறு. கறுப்பு எழுத்தில் சுழியின் உள்வட்டம் அடைபடும். மூன்று சுழி ‘ண’ ஒரு சின்ன மலைத்தொடர் போலாகிவிடும். இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைபட்டால் ‘தேய்க்கவும்’ என்பதை ‘தெய்க்கவும்’ என்று படிக்கவும் இடமுண்டு. இந்த ஒரு விஷயத்தில் வெள்ளை லேபிளுக்கும் குறை உண்டு. என்றாலும் சுழி அடைபட்ட எழுத்தை அதன் வெளிவடிவத்தைக் கொண்டு கண் ஊகித்துவிடுகிறது. புள்ளி போன எழுத்தோ பிழையில்லாத வேறொரு எழுத்தாகவே நிற்பதால், எங்கே தவறு என்றே தெரியாமல் வாசிப்பவர் திகைக்கிறார். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடும் காட்டவில்லை. பண்டிதர்கள் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். கண்ணில் திரவம் தெறித்து எரிச்சலோடு பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பவரிடம் அந்தப் புலமையை எதிர்பார்க்க முடியாது.

டி.டி.பி. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. எழுத்தை ஒரு படி தடித்ததாக மாற்றி, உயரத்தை இரண்டு மில்லிமீட்டராக்கித் தருவதாகச் சொன்னார். அது சரியான வைத்தியந்தான். உயரம் கூடினால் இடம் போதாமல் போகிறதே என்றதும், எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கிவிடலாம் என்றார். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தை அப்படிப் பிடித்து நெருக்கும்போது குறுக்குக்கோடுகள் அப்படியே இருக்க, செங்குத்துக் கோடுகள் மட்டும் இளைத்துப்போகும். புள்ளியும் வட்டம் குலைந்து முட்டை வடிவமாகும். நாம் காப்பாற்ற நினைத்ததையே அது முதலில் கெடுக்கும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

வரி இடைவெளியும் இதோடு சேர்ந்ததுதான். தமிழ் வரியில் மேலே ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்விலங்கும் புள்ளியும் எழும்பும். கீழே ‘ழு’, ‘து’, ‘மூ’ போன்றவற்றின் வால் இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியை அப்படியே தமிழுக்கும் வைத்தால், மேல்வரி ‘கழுவவும்’ என்பதன் வால் கீழ்வரியின் மெய்ப்புள்ளி மீது போய் இடிக்கும். பச்சை லேபிளில் இப்படி இரண்டு இடங்களில் வாலும் புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளையில் வரிகளைத் தளர்த்தி, பத்தியை இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்திருந்தார் நாத்தனார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரத்தையும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பல் விழுந்தது போல ஓட்டைகள் உண்டாகும்.

இனிச் சட்டம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்புக்கான விவரம் ஆகியவை லேபிளில் இருந்தாக வேண்டும். இவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ கொடுத்தே தீர வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது. பச்சை லேபிளில் இந்தக் கட்டாயத்தை ஒவ்வோர் ஆங்கில வரிக்கும் கீழே பாதி அளவில் ஒரு தமிழ் வரி என்று தீர்த்திருந்தார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் இரண்டு மொழியும் மாறி மாறி வருவதால் எந்த மொழிக்காரரும் தொடர்ந்து நான்கு வரி படிக்க முடியாது. வெள்ளையில் சட்டம் கேட்பதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் அடக்கிவிட்டு, பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் தனிப் பத்தியாகத் தமிழில் கொடுத்தோம். எங்கள் வாடிக்கையாளருக்கு எது தேவையோ அதற்கு இடம் கிடைத்தது.

விலையும் மாதமும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறுபவை என்பதால் அவற்றை ரப்பர் ஸ்டாம்பால்தான் குத்துகிறோம். விலையின் இலக்கமும் அளவின் இலக்கமும் பின்னணியிலிருந்து நன்கு வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அடர்பச்சையின் மேல் கறுப்பு ஸ்டாம்ப் எப்படித் தெரியும்? அதற்காக ஒரு வெள்ளைக் கட்டம், பார்கோடுக்காக இன்னொரு வெள்ளைக் கட்டம் என்று கடைசியில் அந்த லேபிள் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி ஆகிவிட்டது.

எழுத்துரு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். பச்சை லேபிளின் அலங்கார எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய வகையைச் சேர்ந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமென்றால்கூட அதே கடைக்குத்தான் போக வேண்டும். வெள்ளையில் பெயருக்கு, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரான்’ எழுத்துருவின் மிகத் தடித்த வகையையும், சின்ன எழுத்துக்கு ‘முக்தா மலர்’ எழுத்துருவையும் எடுத்துக்கொண்டோம். இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, ஒருங்குறியில் உள்ளவை; தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் எழுதியது போல அருகருகே பொருந்துகின்றன. ஒரு கவனம் தேவை. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறிவிடும். ஆகவே எழுத்தை, எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிறகு, அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

பச்சைக்குச் சேர வேண்டியதைப் பச்சைக்குக் கொடுத்துவிடுகிறேன். கடை அலமாரியில் அதுதான் ஜெயித்தது. “பச்சை பாட்டில் ரோட்டுல இருந்தே தெரியுதுங்க, வெள்ளையைத் தேடித்தான் எடுக்கோணும்” என்று ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வெள்ளை லேபிளின் மேற்பட்டை முதலில் ஒரு விரற்கடைதான் இருந்தது. அவர் சொன்ன பிறகுதான் அதை மூன்று விரற்கடையாக்கினோம். அதன்பின் அந்தக் குறை வரவில்லை. ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் கடைக்காரரே எடுத்துக்கொடுக்கும் சின்ன மளிகைக் கடைகளைத்தான். வாடிக்கையாளர் தாமே நடந்து எடுக்கும் பெரிய கடைகளில், இருபது வகைப் பாட்டில்களுக்கு நடுவே, பச்சையின் பலம் இன்னும் கூடவே இருக்கலாம். அங்கே விற்பவர்கள் என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுக்கு விஷயத்திலும் பச்சை மேல்தான். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வெள்ளை லேபிளின் ஓரம் ஒரே மாதத்தில் பழுத்துவிடுகிறது. வெயிலில் எது முதலில் வெளிறும் என்று சொல்லுமளவுக்கு எங்கள் பாட்டில்கள் எந்தக் கடையிலும் அவ்வளவு நாள் தங்குவதில்லை. அந்த மட்டில் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

மெஸ்களுக்குக் கொடுக்கும் 5 லிட்டர் கேனுக்கு மட்டும் பச்சை லேபிளையே வைத்துக்கொண்டோம். அதில் சின்ன எழுத்தே நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் தடித்ததாக இருப்பதால் புள்ளிகள் பிழைத்துக்கொள்கின்றன. சமையலறை மூலையில் கரி படிந்து கிடக்கும் கேனுக்கு வெள்ளை ஒத்துவரவும் செய்யாது. அதையும் அந்த டி.டி.பி. கடைக்காரரே செய்துகொடுத்தார். இந்த முறை ஸ்டாம்புக்கான வெள்ளைக் கட்டத்தை நாங்கள் கேட்காமலே விட்டிருந்தார்.