சித்தருக்கு விலையா, கணக்குப்பிள்ளைக்குப் புளியங்கொட்டையா?

காரைக்குடி வீட்டு வளவில் நாலு பேர் ஆடும் விண்வெளிக் கதையாட்டம்: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. ஒருவரின் பாத்திரம், மனத்தாலேயே கப்பலைத் திருப்பும் சித்தர். இன்னொருவருடையது, கோளுக்கொரு கிட்டங்கி வைத்திருக்கும் செட்டியாரின் கணக்குப்பிள்ளை. கவனிக்காவிட்டால் எல்லாவற்றையும் சித்தரே முடித்துவிட, மூன்றாம் அமர்விலேயே கணக்குப்பிள்ளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இருவரையும் சமன்செய்ய முதல் வழி, சக்திக்கு விலை வைப்பது. 1987-இல் வந்த வெஸ்ட் எண்ட் கேம்ஸின் ஸ்டார் வார்ஸ் ஆட்டம் இந்த வகை. ஒரே சுற்றில் கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பகடை குறையும். பல சக்திகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திறனை உருட்டவேண்டும், ஒவ்வொன்றும் ஒரு செயல்; ஆகவே புதுச் சித்தர் (அங்கே ஜெடாய்) தடுமாறுவார். கோளாறு பிறகுதான் வரும்: கட்டுப்பாடு, உணர்தல், மாற்றுதல் என்ற மூன்றே திறன்களின் மேல் எல்லாச் சக்திகளும் நிற்பதால், அவற்றை உயர்த்தினால் அத்தனையும் சேர்ந்து உயரும். சாதாரணரோ சுடுவது, ஓட்டுவது, பேரம் பேசுவது என்று தனித்தனியாகக் கூட்டவேண்டும்.

இரண்டாவது, சாதாரணருக்கு அதிர்ஷ்டம். 2002-இல், பஃபி என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து வந்த ஆட்டத்தில் நாயகருக்கு, அதிர்ஷ்டம்போல் செலவிட 10 நாடகப் புள்ளி, சாதாரணத் துணைவருக்கு 20. நம் மேசைக்கு அதைச் சுருக்கலாம்: அமர்வுக்குச் சித்தருக்கு 2 புளியங்கொட்டை, கணக்குப்பிள்ளைக்கு 5. ஒன்றைக் கொடுத்தால் பகடையை மறுபடி உருட்டலாம். அல்லது "இந்தத் துறைமுகத்துக் கிட்டங்கியில் நமக்கு ஆள் உண்டு" என்று அறிவிக்கலாம். (பின்னதுதான் சுவை.) சேர்த்துவைத்துக் கடைசிச் சண்டையில் கொட்டுவார்கள்; மிச்சம் அடுத்த அமர்வுக்குச் செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாறு அமர்வுக் கதைக்கு இரண்டாவதே போதும். வருடக்கணக்கில் ஓடினால், சித்தரின் மூன்று திறன்களுக்கு உயர்த்த ஆகும் அனுபவப் புள்ளிச் செலவை இரட்டிப்பாக்குங்கள், கொட்டைகளையும் விடாதீர்கள்.