925 முத்திரை முகப்பில் இருக்கும், காதுக்குள் போகும் தண்டைப் பாருங்கள்

எந்தத் தோட்டைப் போட்டாலும் காது அரிக்கிறது, நீர் வடிகிறது என்று அவதிப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். "925 வெள்ளி, நிக்கல் ஃப்ரீ, சென்சிடிவ் காதுக்கு ஏற்றது" என்று விளம்பரம் செய்யும் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் மகளுக்குத் தோடு வாங்கினோம். 925 என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. அதில் முகப்பு மட்டும்தான் வெள்ளி. காதுக்குள் போகும் தண்டில் நிக்கல் இருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, கேட்டபோது இல்லை என்று எழுதியும் கொடுத்தார்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கவரிங் ஒத்துக்கொள்ளாது. கல்யாண வீட்டுக்கு ஆசையாக ஒரு ஜிமிக்கி போட்டுக்கொண்டு போனால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ காது மடல் சிவந்துவிடும். வீட்டில் தங்கத் தோடுதான் போடுவாள். ஹாஸ்டலுக்குத் தங்கம் வேண்டாம் என்றுதான் வெள்ளி தேடினோம். பணம் கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "தண்டும் திருகும்கூட வெள்ளிதானே?" பதில் உடனே வந்தது: "ஃபுல்லா 925தான் மேடம், கைக்குழந்தைக்கே போடலாம்." அந்த மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன்.

போட்ட அன்று ஒன்றும் இல்லை. ஓரிரு நாளில் அரிப்பு வந்தது, அப்புறம் ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம், தலையணையில் ஒட்டும் அளவுக்கு நீர். ஹாஸ்டலுக்குப் பக்கத்து மெடிக்கலில் கேட்டதும் ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறார்கள். தடவினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். அது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீம் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டரிடம் காட்டாமல் அதைத் தடவிக்கொண்டே இருந்தால் தோல் மெலிந்துவிடும். தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

தோல் டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன் கேட்ட கேள்வி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "தொப்புளுக்குக் கீழே தடிப்பு வருமா?" வரும். ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் அவளுக்கு அடிக்கடி கருத்துப்போய் அரிக்கும். இரண்டும் ஒரே காரணம்தான், நிக்கல். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, பல பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், நிக்கலைத் தவிர்ப்பதுதான் வழி என்றார். ஓட்டை தூர்ந்துவிடுமே, வேப்பங்குச்சி போட்டு வைக்கலாமா என்று என் அம்மா கேட்கச் சொல்லியிருந்தார். புண் ஆறும்வரை எதையும் சொருக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திருச்சியில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தோட்டைக் காட்டினேன். லென்ஸில் பார்த்தவர், "பூ வெள்ளிதாம்மா, தண்டு வேற. பத்தவச்ச இடம் பாருங்க" என்று சொல்லி, டச் பார்க்கும் கடைக்கு, அதாவது நகையில் என்னென்ன உலோகம் எவ்வளவு என்று சோதிக்கும் இடத்துக்கு, அனுப்பினார். அங்கே மெஷினில் முகப்பையும் தண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கச் சொன்னோம். முகப்பு வெள்ளி. தண்டில் செம்பு, துத்தநாகம், நிக்கல், மேலே கொஞ்சம் வெள்ளி முலாம். ஜெர்மன் சில்வர் என்று கடைகளில் விற்கும் உலோகமும் இதே மூன்றின் கலவைதான், அதில் வெள்ளியே கிடையாது. 925 என்ற எண் முகப்பின் பின்புறத்தில் அழகாக அடித்திருந்தது. அந்த எண் அடித்த பாகத்துக்கு அது உண்மைதான். ஆனால் காதின் ஓட்டைக்குள் நாள் முழுக்க வியர்வையோடு கிடப்பது தண்டு. வியர்வையின் உப்பில்தான் நிக்கல் கரைந்து தோலுக்குள் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994-லேயே இதற்கு விதி கொண்டுவந்துவிட்டார்கள். இப்போதுள்ள வரம்புப்படி, துளைக்குள் போகும் பாகம் ஒரு சதுர செ.மீ.க்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடக் கூடாது. வாட்ச், பட்டன் போல வெளியே தோலில் படுபவற்றுக்கு 0.5 வரை விடுகிறார்கள். துளைக்குள் போவதற்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்பது என் மகளின் காதைப் பார்த்தபோது புரிந்தது.

சரி, விற்றவர் என்ன சொன்னார்? "போட்ட உடனே ஒன்னும் ஆகலையே மேடம், அப்போ எங்க தோடு காரணம் இல்லை." நிக்கல் ஒவ்வாமை உடனே வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும் என்று டாக்டர் சொன்னதை எழுதினேன். அடுத்து, "தோடு ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், சுகாதாரக் காரணம்." டச் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

ரிட்டர்ன் இல்லை என்று அவர்கள் எழுதிவைத்தால் அது சட்டமாகிவிடாது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ விற்பவருக்கு உரிமை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். பணம் கட்டிய ரசீது, அந்த வாட்ஸ்அப் பதில், டச் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. தோட்டின் விலை திரும்ப வந்தது. டாக்டர் செலவு வரவில்லை, பிள்ளை பட்ட அவஸ்தைக்கு யாரும் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த விளம்பரம் இன்றைக்கும் அதே வாசகத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. என் கோபமெல்லாம் அதில்தான்.

வாங்கும் முன் தண்டு, திருகு, முகப்பு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் வேண்டாம். வெறும் 925 எண் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோண முத்திரை கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். தங்கத்திலும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, குழந்தைகளுக்கான சின்னத் தோடுகள் பலவும் இதில் அடங்கிவிடும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்றால் நிக்கல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரில் அதிகம் விற்கும் 316எல் ரக ஸ்டீலில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. அது இறுகப் பிணைந்திருப்பதால் குறைவாகவே வெளியேறும், பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் என் மகளைப் போன்றவர்களுக்கு நான் வாங்க மாட்டேன். வெள்ளைத் தங்கத்திலும் சிலவற்றில் நிக்கல் சேர்ப்பார்கள். இப்போது அவள் போட்டிருப்பது உடலுக்குள் பொருத்தும் இம்பிளான்ட் தரத்து டைட்டானியம், அந்தத் தரத்தின் எண்ணான எஃப்136 என்று பில்லில் குறிப்பிட்டது. வீட்டுக்கு வந்தால் பழைய 22 காரட் தோடு.

தங்கத் தோடு போட்டும் காதின் பின்பக்கம் மட்டும் அரித்தால் திருகைப் பாருங்கள். தொலைந்துபோன தங்கத் திருகுக்குப் பதிலாகக் கவரிங் திருகு போட்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. தண்டில் நெயில் பாலிஷ் பூசிப் போடலாம் என்று சொல்வார்கள், அது சீக்கிரமே உரிந்துவிடும். நல்ல தோடாகவே இருந்தாலும் ராத்திரி கழற்றி, மிதமான சோப்புத் தண்ணீரில் தண்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். திருகை மடலில் அழுந்த முறுக்க வேண்டாம், காற்றுப்பட இடம் இருக்கட்டும். சீழ், காய்ச்சல், அல்லது காதின் மேல் குருத்தெலும்பில் வீக்கம் வந்தால் அது ஒவ்வாமையோடு நிற்காது, அன்றே டாக்டரிடம் போங்கள்.

இந்த மாதிரி தோடு ஏற்கெனவே வாங்கியிருந்தால், தண்டை டச் கடையில் தனியாகப் பார்த்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கிங் கவரையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பிளாக் செய்வதற்கு முன்பே அவர்களுடைய மெசேஜ்களைச் சேமித்துவிட்டு, அப்புறம் 1915-ஐக் கூப்பிடுங்கள்.