ஸ்டீல் கதவை வீட்டில் வைத்து அறுக்க விடாதீர்கள்: எனக்கு 36,500 ரூபாய் போச்சு

இன்று காலையும் வாசல் கிரானைட்டில் பழுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. மழை பெய்யவில்லை. கதவுக்குள்ளிருந்து வடிகிறது. ஆமாம், கதவுக்குள்ளிருந்துதான். பால் காய்ச்சிப் பதினோரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கதவுக்கு 32,000, அறுத்து மாட்டியதற்கு 4,500, ஆக 36,500 ரூபாய். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். கதவு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். தேக்கு மாதிரி நரம்பு போட்ட ஸ்டீல் கதவுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் ஷோரூம்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன இல்லையா, மதுரையில் அப்படி ஒன்று. அம்மாவுக்குத் தேக்குதான் வேண்டும் என்று இருந்தது. பழைய வீட்டு நிலையைக் கரையான் தின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்டீல் போடலாம் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான்.

அளவில் முதல் தப்பும் என்னுடையதே. வாசலுக்கு மேலே போகும் கான்கிரீட் லிண்டலுக்கும் தரைக்கும் நடுவே 7 அடி இருந்தது, அதையே கடையில் சொல்லி வைத்தேன். அப்புறம் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டி, வாசல்படிக்குக் கிரானைட்டும் பதித்த பிறகு அளந்தால் 6 அடி 10 அங்குலம். உடனே டேப்பை வைத்துப் படம் எடுத்து அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பினேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். முதலாளி தானே நாற்காலி எடுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். டீ வந்தது. கதவை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, "டப்பா சத்தம் வருதாம்மா? வராது" என்றார். ரெண்டு அங்குலம் குறைகிறதே என்றேன். "ரெண்டு இஞ்சுதானே சார். ஆசாரி இழைச்சு விடுற மாதிரி நம்ம பையன் வீட்டுக்கே வந்து சைஸ் பண்ணிருவான். ஃபேக்டரில சொல்லிச் செஞ்சா ஒன்றரை மாசம் ஆகும், உங்க முகூர்த்தம் போயிரும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க பிள்ளை சொல்றேன்னு நினைச்சுக்கங்க" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தோம். அறுப்புக் கூலி வரை சேர்த்து 36,500 ரூபாயையும் அங்கே நின்றபடியே போனில் அனுப்பிவிட்டேன். இதில் பி.இ. வேறு படித்திருக்கிறேன்.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் நாலு இஞ்ச் கிரைண்டர், ஒரு டேப், ஒரு மார்க்கர். கதவைப் போர்டிகோவில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் கிடத்தினான். அடிப்பக்கம் கோடு போட்டு அறுக்க ஆரம்பித்தான். பொறி பத்தடிக்குப் பறந்தது. "தம்பி, ஜன்னல் கண்ணாடி" என்றேன். "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றான். (கண்ணாடியில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் இருக்கின்றன. டைல்ஸிலும் துருப்புள்ளி, தேய்த்தாலும் போகவில்லை.) பாதி அறுத்திருப்பான், வெட்டு வாயிலிருந்து புகை வந்தது. முதலில் பெயின்ட் கருகுகிறது என்று நினைத்தேன். புகை நிற்கவில்லை. அவன் சாவகாசமாக எழுந்து போய், பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து கதவுக்குள்ளேயே கொட்டினான்.

உள்ளே இருப்பது காகிதம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அளவில் தகடு, நடுவில் தேன்கூடு மாதிரி மடித்து ஒட்டிய அட்டை, அவ்வளவுதான். அந்த அட்டை ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? ஊறிப்போய் உப்பியது. பசை விட்டு, கீழ்ப்பக்கம் தகடு வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் துருவோடு சேர்ந்து தினமும் வாசலில் வடிகிறது.

இன்னொன்று, கதவின் அடியில் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு 'ப' வடிவச் சட்டம் இருக்கும். அறுத்தால் அது துண்டோடு போய்விடும். அதை உருவி எடுத்து, மறுபடி உள்ளே தள்ளி ரிவெட் அடிக்க வேண்டும். தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது. பையன் துண்டைத் தூக்கிச் செடி ஓரம் போட்டுவிட்டுப் போய்விட்டான். கதவின் அடி திறந்தே கிடக்கிறது, விரல் உள்ளே போகிறது. பூட்டின் கீழ்க்கம்பியும் அந்தத் துண்டோடு போச்சு. சாவியைத் திருப்பினால் மேலே 'டக்' என்று ஏறுகிறது, கீழே ஒன்றுமே இல்லை. மூன்று பக்கமும் பூட்டு விழும் என்று சொல்லித்தான் 32,000 வாங்கினார்கள்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். "நாளைக்கு ஆள் அனுப்பறேன் சார்." மூன்று நாள் இதே நாளைக்கு. நாலாம் நாள், "அவன் எங்க ஸ்டாஃப் இல்ல சார், வெளி ஆளு, நீங்க அவன்கிட்டதான் கேக்கணும்." கூலி 4,500-ஐ வாங்கியது நீங்கள்தானே என்றேன், லைன் கட். பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். ஆறாம் நாள் நேரில் போனேன். நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. பில்லைத் திருப்பிக் காட்டினார்: கதவை வெட்டினாலோ துளையிட்டாலோ வாரன்டி செல்லாது. வெட்டச் சொன்னதே நீங்கள் என்றேன். "அளவு தப்பாக் குடுத்தது யாரு சார்?" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி, புதுக் கதவு எடுத்தால் 3,000 தள்ளித் தருகிறாராம். 36,500 போன இடத்தில் இன்னும் 29,000 கட்ட வேண்டுமாம்!

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத முடியவில்லை. சுருக்கமாக: தரை வேலை முழுக்க முடிந்த பிறகே அளவு கொடுங்கள். அளவெடுக்கக் கடை ஆளையே வரச் சொல்லி, பில்லில் எழுதி வாங்குங்கள். அளவு இடித்தால் கதவைத் தொடாதீர்கள். ஃபேக்டரியில் அளவு சொல்லிச் செய்யுங்கள், இல்லை வாசல்படிக் கல்லைப் பெயர்த்துப் போடுங்கள். எனக்குக் கல்லுக்கு 2,000கூட ஆகியிருக்காது. கிரைண்டர் சூட்டில் வெட்டு ஓரத்து துத்தநாகப் பூச்சும் பவுடர் கோட்டிங்கும் கருகிவிடும். அந்தக் கோட்டிங் அடுப்பில் வைத்து ஏற்றுவது, வீட்டில் ஸ்பிரே அடித்து மூடினால் அதாகாது. மாட்டி முடிக்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்தேன். இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. டேப் வைத்து எடுத்த படம், அது போன தேதி, அதற்குக் கீழே அவர்கள் போட்ட 'ஓகே சார்' எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இன்று மதியம் முதலாளியே கூப்பிட்டார். "எதுக்கு சார் அங்கெல்லாம் போறீங்க, நேர்ல வாங்க, பேசிக்கலாம்." போனிலேயே பேசுங்கள், ரெக்கார்ட் ஆகிறது என்றேன். வைத்துவிட்டார்.